அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோயும் அத்தையின் மார்பகப் புற்றுநோயும்

புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டர் கேட்கிற கேள்விகளில் ஒன்று: "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இது இருந்திருக்கா?" சேலம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்கு இருந்ததா, அண்ணன் தம்பிக்கு இருந்ததா என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். அக்கா 42 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனது அந்தக் கணக்கில் வராது. தாய்மாமன் கணையப் புற்றுநோயில் போனதும் வராது. ஆண்களுக்கு மட்டும் வருகிற நோய்க்கு அக்காவை எதற்கு இழுக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த அக்காவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

புராஸ்டேட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. எடை சுமார் 20 கிராம். விந்துத் திரவத்தில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. வயதாக ஆகப் பெரும்பாலான ஆண்களுக்கு இது வீங்கும். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவதற்கு அநேகமாக அந்தச் சாதாரண வீக்கம்தான் காரணம், புற்றுநோய் அல்ல. புற்றுநோயோ ஆரம்பத்தில் சத்தமே காட்டாது. அதற்குத்தான் பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை. பொதுவாக ஒரு மில்லி ரத்தத்துக்கு 4 நானோகிராமுக்கு மேல் போனால் டாக்டர் கவனிப்பார். கிருமித் தொற்றிலும் அந்த எண் ஏறும், அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் பதற வேண்டாம்.

2022-இல் மட்டும் உலகம் முழுவதும் 14 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இவர்களில் பலருக்கு அது மெதுவாக நகரும். வேறு ஏதோ காரணத்தில் ஆயுள் முடியும்வரை தொந்தரவே கொடுக்காது. சிலருக்கு மட்டும் வேகமாக எலும்பு வரைக்கும் ஓடிவிடும். எது நகரும், எது ஓடும் என்று முன்கூட்டியே ஊகிப்பதுதான் டாக்டருக்குப் பெரிய சவால். பரம்பரை மரபணு உதவுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

அட்டையில் இருக்கும் பிழை

எல்லாப் புற்றுநோயும் மரபணுக் கோளாறுதான். ஆனால் எல்லாம் பரம்பரையாக வந்ததல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் ஜக்கார்டு தறி பார்த்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சேலையின் டிசைன் முழுவதும் துளை போட்ட அட்டைகளில் இருக்கிறது. எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அங்கே பாவு நூல் மேலே எழும்பும், துளை இல்லாத இடத்தில் எழும்பாது. நெய்யும்போது ஓர் இடத்தில் நூல் அறுந்தால் அந்தச் சேலையில், அந்த இடத்தில் மட்டும் குறை விழும். அட்டையிலேயே ஒரு துளை விட்டுப்போயிருந்தால், அந்த அட்டையை வைத்து நெய்கிற ஒவ்வொரு சேலையிலும் அதே இடத்தில் அதே குறை வரும்.

பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் நூல் அறுந்த வகை. வயது ஏற ஏற, செல்கள் பிரிந்து பெருகும்போது சுரப்பியில் இருக்கும் ஏதோ ஒரு செல்லில் பிழைகள் சேர்கின்றன. அந்தப் பிழை கட்டியில் மட்டும் இருக்கும். ரத்தத்தின் செல்களில் தேடினாலும் எச்சிலின் செல்களில் தேடினாலும் கிடைக்காது, பிள்ளைகளுக்கும் போகாது. பரம்பரைப் பிழை அட்டைப் பிழை. அப்பாவின் விந்தணுவிலோ அம்மாவின் கருமுட்டையிலோ இருந்து, கரு உருவான நாளிலிருந்தே உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகக்கூடியது இதுதான். பிழை இருந்தால் நோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை, வாய்ப்புதான் கூடுகிறது.

சரி, புராஸ்டேட் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு எவ்வளவு? டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய 4 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் மரபின் பங்கு 57 சதவீதம் என்றது அது. இந்த எண்ணைப் பார்த்து 'நூறு பேரில் 57 பேருக்குப் பரம்பரையாக வருகிறது' என்று வாட்ஸப்பில் எழுதிவிடுகிறார்கள். அப்படி அல்ல. ஆளுக்கு ஆள் நோய் வாய்ப்பு வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மரபணுவால் விளக்க முடிகிறது என்பதுதான் அதன் பொருள்.

அந்த மரபின் பெரும்பகுதி சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. 2023-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புள்ள 451 மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் வாய்ப்பைத் துளித்துளியாகக் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போடுகிற முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மதிப்பெண்ணை வைத்து யாரும் இப்போதைக்குச் சிகிச்சை முடிவு எடுப்பதில்லை. ஆய்வில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் மிக அதிகம் என்பதால், அந்த மதிப்பெண் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

இன்று சிகிச்சையை மாற்றக்கூடியது, ஒற்றை மரபணுவில் வரும் பெரிய பிழை.

பிராக்கா 2

லேப் ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ2 என்று போட்டிருக்கும். பேச்சில் பிராக்கா 2. ஆங்கிலத்தில் 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்தால் இது மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு என்றுதான் தோன்றும், அந்தக் குடும்பங்களை ஆராய்ந்தபோது கிடைத்த பெயர் அது. பிராக்கா 1, 1994-இல் அடையாளம் காணப்பட்டது. பிராக்கா 2 அடுத்த ஆண்டு. ஆண், பெண் எல்லோருக்கும் இந்த இரண்டு மரபணுக்களும் இருக்கின்றன. அவற்றின் வேலை புற்றுநோயை உண்டாக்குவது அல்ல, தடுப்பது. நம் டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோகும்போது பிழையில்லாமல் ஒட்டவைக்கிற புரதங்களை இவை தயாரிக்கின்றன. இந்த மரபணுவே கெட்டிருந்தால் பழுதுபார்ப்பு சரியாக நடக்காது, பிழைகள் வேகமாகச் சேரும்.

இதே பழுதுபார்க்கும் கூட்டத்தில் ஏடிஎம், செக்2, பால்பி2 என்று இன்னும் சிலவும் உண்டு. லின்ச் நோய்க்குறி என்கிற, பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோயைக் கொண்டுவரும் பரம்பரைக் கோளாறுக்குக் காரணமான எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 போன்றவையும் பட்டியலில் இருக்கின்றன. எச்ஓஎக்ஸ்பி13 என்று இன்னொன்று: அதில் வரும் ஒரு குறிப்பிட்ட பிழை 2012-இல் தெரியவந்தது, முக்கியமாக வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படுவது. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை இவற்றில் அதிகம் பயப்பட வேண்டியது பிராக்கா 2.

எவ்வளவு பயப்பட வேண்டும்? ஐஸ்லாந்தில் பிராக்கா 2 பிழை கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில்தான் இருக்கிறது, யாரோ ஒரு பழைய மூதாதையிடமிருந்து வந்தது. அந்தப் பிழையோடு புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களை, பிழை இல்லாத நோயாளிகளோடு ஒப்பிட்டு 2007-இல் எழுதினார்கள். பிழை இல்லாதவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்), நோய் கண்டுபிடித்ததிலிருந்து 12.4 ஆண்டுகள். பிழை இருந்தவர்களுக்கு 2.1 ஆண்டுகள். அதன் பிறகு மருந்துகள் நிறைய வந்துவிட்டன, அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் இது ஓடுகிற ரகம் என்பது புரிகிறதல்லவா?

அடுத்த ஆய்வுதான் இந்தக் கட்டுரைக்கு அச்சாணி. 2016-இல் வந்தது. நோய் உடம்பில் பரவிவிட்ட 692 ஆண்களின் பரம்பரை மரபணுவைப் பார்த்தார்கள். குடும்ப வரலாற்றை வைத்து ஆள் பொறுக்கவில்லை. 11.8 சதவீதம் பேரிடம், அதாவது ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது பேரில் ஒருவரிடம், டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணு ஏதோ ஒன்றில் பிறவிப் பிழை இருந்தது. அதில் பிராக்கா 2-தான் அதிகம், 5.3 சதவீதம். நோய் சுரப்பியைத் தாண்டாதவர்களிடம் இந்தப் பிழைகள் எல்லாம் சேர்ந்தே 4.6 சதவீதம்தான் இருந்தன.

இனிதான் சுவாரசியம். அப்பா, மகன், அண்ணன், தம்பி யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா என்றும் பார்த்தார்கள். பிழை இருந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு இருந்தது. பிழை இல்லாதவர்களிலும் அதே 22 சதவீதம்! அந்தக் கேள்வி இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டவே இல்லை. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் யாருக்காவது வேறு வகைப் புற்றுநோய் இருந்ததா என்று பார்த்தபோது, பிழை இருந்தவர்களில் 71 சதவீதம் பேர், இல்லாதவர்களில் 50 சதவீதம் பேர். ஆக, அக்காவையும் அம்மாவையும் விசாரிக்காமல் விட்டால் துப்பு கையை விட்டுப் போகிறது.

ஓமலூர்ப் பக்கம் ஒரு குடும்பம்

கற்பனையாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஓமலூர்ப் பக்கம், 66 வயதுப் பெரியவர். முதுகு வலி என்று போனார், எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் என்று வந்தது. அப்பா 80 வயது வரை திடமாக இருந்து போனவர். தம்பிமார் இருவருக்கும் ஒன்றுமில்லை.

அம்மா எப்படிப் போனார் என்று கேட்டால், "வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு, சேலம் பெரியாஸ்பத்திரியில வச்சிருந்து கூட்டிட்டு வந்துட்டோம்" என்பார். என்ன நோய் என்று எழுதிக் கொடுத்த சீட்டு எதுவும் வீட்டில் இருக்காது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வயிற்றில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றால் கல்லீரல், காசநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். சினைப்பைப் புற்றுநோயும் அதில் ஒன்று. அதே மாதிரி "மஞ்சக்காமாலை வந்து ரெண்டே மாசத்துல துரும்பா இளைச்சுட்டார்" என்று தாய்மாமனைச் சொன்னால், அது கணையமாக இருக்கலாம். "மார்ல கட்டி வந்துச்சு, பச்சிலை கட்டிப் பார்த்தோம்" என்பதில் சந்தேகத்துக்கே அதிகம் இடமில்லை. நம் வீடுகளில் நோயின் பெயர் நினைவில் இருக்காது, நோய் வந்த விதம் நினைவில் இருக்கும். அதையே டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். "கேன்சர் யாருக்கும் இல்லை" என்று நீங்களாகவே சுருக்கிவிடாதீர்கள். இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், அப்பாயி, அம்மாயி கதையை முழுசாகத் தெரிந்தவர்கள் ஒரு வீட்டில் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். பெரும்பாலும் அத்தையோ பெரியம்மாவோ. ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகிற மகனுக்கு அதில் பாதி தெரியாது.

பரிசோதனையில் பெரியவருக்கு பிராக்கா 2 பிழை என்று வந்தால், அது அம்மா வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புராஸ்டேட் நோய் என்பதால் அப்பா வழியை மட்டும் பார்ப்பது தவறு என்பது இங்கே தெரிகிறது. அவருக்கு இரண்டு மகள், ஒரு மகன் என்றால் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிழை போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்தவருக்குப் போனதால் இளையவருக்குப் போகாது என்றெல்லாம் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு முதலிலிருந்துதான்.

மகள்களில் ஒருவருக்குப் போயிருந்தால்? பிராக்கா 2 பிழையுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய்க்கு 17 சதவீதம் என்று 2017-இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தப் பெண் செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ., முப்பதிலிருந்து மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, குழந்தைகள் பெற்று முடித்த பின் நாற்பதுகளில் சினைப்பைகளை எடுத்துவிடுவது. அவளுக்கு வரவிருந்ததை அப்பாவின் ரத்தம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. ஓர் ஆணின் நோய்க்காகச் செய்த பரிசோதனையால் அதிகப் பலன் பெறுவது அவருடைய பெண்ணாகக்கூட இருக்கலாம். இதை நம் புராஸ்டேட் வார்டுகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

மகனுக்குப் போயிருந்தால் அவர் 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்குவது நல்லது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், இந்தப் பிழை இருந்தால் அந்த வாய்ப்பும் கூடும். குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டால் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம்.

சொந்தத்தில் கல்யாணம்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். வெளிநாட்டில் எழுதப்பட்ட விளக்கங்களில் இது பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. அக்கா மகள், அத்தை மகள், மாமன் மகள். "சொந்தத்துல கட்டினதாலதான் இந்த நோய் வந்துச்சா?" என்று பலர் கேட்கிறார்கள்.

இல்லை. பிராக்கா பிழை ஒரு பிரதியில் இருந்தாலே புற்றுநோய் வாய்ப்பு கூடும். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிழை உள்ளவர் அசலில் கட்டினாலும் சொந்தத்தில் கட்டினாலும் பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு அதே பாதிதான்.

சொந்தத்தில் கட்டும்போது வருகிற ஆபத்து வேறு. ஓமலூர்ப் பெரியவர் தன் அக்கா மகளையே கட்டியிருந்தார் என்று வையுங்கள். அம்மாவின் பிழை மகனுக்கும் வந்திருக்கலாம், மகள் வழியாகப் பேத்திக்கும் வந்திருக்கலாம். கணவன், மனைவி இருவரிடமும் அதே பிழை இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிரதியும் கெட்டுப்போவதற்கு. பிராக்கா 2 இரண்டு பிரதியும் கெட்டால் ஃபன்கோனி ரத்தசோகை என்கிற கடுமையான குழந்தைப் பருவ நோய் வரும். எலும்பு மஜ்ஜை ரத்தம் தயாரிப்பதை நிறுத்தும், சின்ன வயதிலேயே புற்றுநோய்கள் வரும். ஏடிஎம் மரபணு இரண்டு பிரதியும் கெட்டால் நடை தள்ளாடும், நோய் எதிர்ப்பு குறையும் வேறொரு நோய். ஆகவே பிழை இருப்பது தெரிந்த குடும்பத்தில் சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும்போது, பிள்ளை பெறுவதற்கு முன் இருவரும் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம். இப்படிச் சொல்வதால் அத்தை மகளைக் கட்டாதே என்று உபதேசம் செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆகட்டும், கீழே சமவெளியில் இருக்கும் நம் சாதிகள் ஆகட்டும், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இப்படிப்பட்ட சமூகங்களில் எப்போதோ ஒரு மூதாதையிடம் வந்த பிழை பல குடும்பங்களில் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. யூதர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு பிராக்கா 1 பிழை, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சமூகத்தில் என்ன பிழை சுற்றுகிறது என்று நமக்கென்று முழுமையான வரைபடம் இன்னும் போடப்படவில்லை.

தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?

முதலில், காத்திருப்பது. நோய் சின்னதாக, மெதுவான ரகமாக இருந்தால் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ உடனே செய்யாமல் பி.எஸ்.ஏ., பயாப்சி (சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பது) என்று கண்காணித்துக்கொண்டே இருப்பது ஒரு நல்ல வழி. ஆளுக்கு பிராக்கா 2 பிழை இருந்தால் டாக்டர் அந்தக் காத்திருப்பில் கூடுதல் எச்சரிக்கை காட்டுவார், சிகிச்சைக்குச் சீக்கிரமே போகச் சொல்லலாம்.

அப்புறம் மருந்து. பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு அடிப்படைச் சிகிச்சை டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. ஊசி போடுவார்கள் அல்லது விதைகளை அகற்றுவார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பெரும்பாலானோருக்கு நோய் அதையும் மீறி வளரும். அந்தக் கட்டத்தில் பிராக்கா பிழை உள்ளவர்களுக்கு ஒரு தனி வழி திறக்கிறது. பார்ப் தடுப்பான் மாத்திரைகள்: ஓலாபாரிப், ருகாபாரிப் போன்றவை.

அவை வேலை செய்யும் விதம் அழகானது. டி.என்.ஏ.வின் ஓர் இழை அறுந்தால் ஒட்டவைக்க பார்ப் என்கிற புரதம் உதவுகிறது. இரண்டு இழையும் அறுந்தால் பிராக்கா கூட்டம் வரும். கட்டியின் செல்களில் பிராக்கா ஏற்கெனவே செத்துவிட்டது. இப்போது மாத்திரை கொடுத்து பார்ப்பையும் முடக்கிவிட்டால், சின்ன அறுப்புகள் பெரிய அறுப்புகளாகி, ஒட்டவைக்க ஆளில்லாமல் அந்தச் செல் செத்துப்போகும். உடம்பின் மற்றச் செல்களில் பிராக்காவின் ஒரு நல்ல பிரதி இன்னும் வேலை செய்வதால் அவை சமாளித்துக்கொள்ளும். எந்தப் பிழை நோயைக் கொண்டுவந்ததோ அதையே நோயின் பலவீனமாகத் திருப்புகிறார்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மே மாதம் இந்த இரண்டு மருந்துகளையும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதித்தது. ஓலாபாரிப் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், பிராக்கா 1, பிராக்கா 2 அல்லது ஏடிஎம் பிழை இருந்தவர்களுக்கு ஸ்கேனில் நோய் வளராமல் இருந்த காலம் 7.4 மாதம், வேறு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.6 மாதம். மொத்த ஆயுள் 19.1 மாதம், மற்றவர்களுக்கு 14.7 மாதம். இதில் பலன் அதிகம் பிராக்காகாரர்களுக்குத்தான். இது அற்புத மருந்து என்று சொல்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள், நாலைந்து மாதம் கூடியது என்பதுதான் உண்மை. அந்த நாலைந்து மாதத்துக்குச் செலவும் உண்டு, ரத்தசோகை, குமட்டல், அசதி என்கிற பக்கவிளைவுகளும் உண்டு. எடுப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பமும் டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பிழை இருக்கிறதா என்று பார்க்காமலேயே விட்டால் முடிவு செய்ய எதுவுமே இருக்காது. கார்போபிளாட்டின் மாதிரி பழைய, விலை குறைந்த பிளாட்டினம் மருந்துகளும் இந்தப் பிழை உள்ள கட்டிகளில் நன்றாக வேலை செய்வதுண்டு. லின்ச் வகைப் பிழை இருந்தால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஒரு வாய்ப்பு.

பரிசோதனை

நோய் பரவியிருந்தால் எல்லோருக்குமே பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்பது இன்றைய வழிகாட்டுதல். பரவாவிட்டாலும் நோய் தீவிர ரகம் என்றாலோ, குடும்பத்தில் மார்பகம், சினைப்பை, கணையம் போன்ற புற்றுநோய்கள் இருந்தாலோ கேட்கலாம். கொஞ்சம் ரத்தம் அல்லது எச்சில் போதும். சேலத்தில் ரத்தம் எடுத்தாலும் அதைப் படிக்கிற லேப் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை மாதிரி ஊர்களில்தான் இருக்கும். ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும் என்பதில்லை. ஆலோசனையின் ஒரு பகுதியை வீடியோ அழைப்பிலேயே முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்கிற பரிசோதனை வேறு. அதில் பிராக்கா 2 பிழை என்று வந்தால், அது கட்டியில் மட்டும் வந்ததாக இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும். மருந்துக்கு இரண்டில் எது என்றாலும் சரி, பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வித்தியாசம் முக்கியம்.

ரிப்போர்ட் மூன்று விதமாக வரும். நோயுண்டாக்கும் பிழை என்று வந்தால், ரத்த சொந்தங்கள் அந்த ஒரு பிழையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், அதற்கான செலவும் குறைவு. ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதிதான், ஆனால் முழு விடுதலை அல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த பிழை உங்களிடம் இல்லை என்று வந்தால் மட்டுமே மற்றவர்களைப் போன்ற சாதாரண வாய்ப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

மூன்றாவது விதம்தான் தலைவலி: 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்'. உங்கள் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்றைக்கு உள்ள தகவலை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். இந்தியர்களுக்கு இந்தப் பதில் அதிகம் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கிற தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை என்பதுதான் காரணம். நம்மிடம் சர்வசாதாரணமாக இருக்கும் மாற்றம் அவர்களுக்குப் புதிதாகத் தெரியும். பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இந்தத் தலைவலி குறைய அது மாதிரி முயற்சிகள்தான் வழி. அதுவரை, இந்த மூன்றாவது பதிலை வைத்துக்கொண்டு சினைப்பையை எடுப்பது, பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்வது என்று இறங்கக் கூடாது. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லேப்பில் விளக்கம் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும். பல மாற்றங்கள் பின்னாளில் கெடுதல் இல்லாதவை என்றே முடிவாகின்றன.

வீட்டில் யாருக்குச் சொல்வது? பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரமாக இருந்தால், "வெளியில தெரிஞ்சா யார் கட்டுவாங்க?" என்று மொத்தத்தையும் மூடி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா, தங்கை, அண்ணன், தம்பி, வயது வந்த பிள்ளைகள் இவர்களுக்கு மட்டும் சொன்னால் போதும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு பிராக்கா பரிசோதனை செய்வதில்லை. அந்த வயதில் தெரிந்து செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, பெரியவர்களான பின் பரிசோதனை வேண்டுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

கடைசியாக, பரிசோதனையை எப்போதும் நோய் வந்தவரிடம்தான் தொடங்க வேண்டும். அப்பா படுத்திருக்கும்போது, "அவருக்கு எதுக்கு இனிமே ஊசி, எனக்குப் பாருங்க" என்று மகன் கை நீட்டுவது பாசம்தான். ஆனால் மகனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், அப்பாவிடம் இருந்த பிழை அவருக்கு வரவில்லையா, அப்பாவிடமே பிழை இல்லையா என்று தெரியாது. முதலில் அப்பாவிடம் ரத்தம் எடுங்கள். அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால், பயாப்சி செய்த லேப்பில் மெழுகில் பதித்த சதைத் துண்டு இருக்கும், பிளாக் என்பார்கள். சில நேரம் அதில் பார்க்க முடியும். லேப்கள் அதைக் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை, எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். பிளாக்கையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.